பின்பக்கத்துக் கேட்

தீ விபத்து ஒத்திகைக்கான மணி அடிக்கத் தொடங்கியபோது பள்ளிக்கூடத்தைச் சுற்றிப் பனிமூட்டம் இன்னும் விலகியிருக்கவில்லை. பின்கட்டிலிருந்து சின்ன வகுப்புப் பிள்ளைகள் முன்னால் போகிறவரின் தோளில் கை வைத்துக்கொண்டு வரிசையாக வெளியே வந்தார்கள். ஓடக் கூடாது, வாயைத் திறக்கக் கூடாது என்று நான்தான் படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். சொன்னபடியே செய்தார்கள். பிள்ளைகள் சத்தமில்லாமல் நடந்து நான் எங்கே பார்த்திருக்கிறேன்? வெள்ளைக்குள்ளிருந்து ஒவ்வொரு தலையாக முளைத்து, என்னைக் கடந்து, மறுபடியும் வெள்ளைக்குள் கரைந்து போனது. மணிச்சத்தம்கூட எங்கோ தண்ணீருக்கு அடியிலிருந்து வருகிற மாதிரி இருந்தது. கொஞ்ச நேரம் நான் எதற்காக அங்கே நிற்கிறேன் என்பதே மறந்துவிட்டது. பிறகு வரிசை நின்றது. பின்பக்கத்துக் கேட் பூட்டியிருந்தது.

நான் கணக்கு டீச்சர். பாதுகாப்புப் பொறுப்பு என்பது மேலிடத்து உத்தரவோடு வந்து என் தலையில் விழுந்த கூடுதல் வேலை. யாருமே வேண்டாம் என்று ஒதுங்கிக்கொண்டதால் எனக்கு வந்தது என்று வெளியே சொல்லிக்கொள்வேன். உண்மையில் என்னைவிடப் பொருத்தமான ஆள் கிடைத்திருக்கமாட்டார். ஆசிரியர் அறையில் எனக்கு ‘அபாயம்’ என்று பெயர். அபாயம் வருது, சுவிட்சை அணைச்சிடுங்க என்பார்கள். சினிமாவுக்குப் போனால் எல்லோரும் திரையைப் பார்ப்பார்கள், நான் வெளியே போகிற வழியைத் தேடுவேன். பெயர் போடத் தொடங்கியதும் என் வீட்டுக்காரர் காதருகே குனிந்து, எல்லாக் கதவையும் பாத்தாச்சா, படம் பாக்கலாமா என்று கேட்பார். கேலிதான். ஆனால் எந்தச் சுவரைப் பார்த்தாலும் அது சரிந்து கிடக்கிற கோலம் எனக்கு முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. படிக்கட்டைப் பார்த்தால் அதில் உருளுகிற பிள்ளை தெரிகிறது. நான் என்ன செய்ய?

பின்கட்டு விஷயத்தில் மட்டும் அது கற்பனை இல்லை. சின்ன வகுப்புகள் அங்கேதான் இருக்கின்றன. அங்கிருந்து முன்வாசலுக்கு வர ஒரே ஒரு குறுகலான நடை. அந்த நடையை ஒட்டிச் சமையலறை. சமையலறைச் சுவரோரம் எரிவாயு சிலிண்டர்கள். பள்ளிக்கூடத்தில் நெருப்பு என்று ஒன்று பற்றினால் அங்கேதான் பற்றும். பற்றினால் பின்கட்டுப் பிள்ளைகளுக்கு மிச்சமிருக்கிற வழி அந்தக் கேட் ஒன்றுதான்.

சாவிக்கு ஆள் அனுப்பினேன். பியூன் ஓடினார். தலைமையாசிரியர் அறையில் மேசை டிராயரைக் குடைந்தார், ஆணியில் தொங்குகிற கொத்தை அள்ளிக்கொண்டு வந்தார், ஒவ்வொன்றாக நுழைத்துப் பார்த்தார். எதுவும் சேரவில்லை. பிறகுதான் குமாஸ்தா மெல்ல வந்து சொன்னார். அந்தச் சாவி தலைமையாசிரியரின் சட்டைப் பையில் இருக்கிறது. அவர் நீதிமன்றத்தில் இருக்கிறார். இந்தக் கேட்டைப் பற்றிய வழக்குக்குத்தான் போயிருக்கிறார். கேட் எந்நேரமும் பூட்டியிருக்கும், சாவி என்னை விட்டு நகராது என்று அங்கே எழுதிக் கொடுத்திருக்கிறார். சொன்ன சொல் தவறாமல் சாவியோடு போய்விட்டார்.

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. பிள்ளைகளுக்கு அந்தக் குழப்பமெல்லாம் இல்லை. மேற்கொண்டு போக வழியில்லை என்றால் கீழே உட்கார்ந்து கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொள்ள வேண்டும் என்றும் சொல்லிக் கொடுத்திருந்தேன். உட்கார்ந்தார்கள். ஈரத் தரையில் வரிசை கலையாமல், மூக்கைப் பொத்திக்கொண்டு, என்னையே பார்த்துக்கொண்டு. மணி அடித்து அடித்து ஓய்ந்தது. முன்வரிசையில் பல் விழுந்த பிள்ளை ஒன்று கைக்குட்டையை லேசாக இறக்கியது.

“டீச்சர், நாங்க எல்லாம் இப்ப எரிஞ்சிட்டோமா?”

பயந்து கேட்கவில்லை. அடுத்த கணக்கைப் போடலாமா என்று கேட்பது போலத்தான் கேட்டது. நான் எழுந்திருங்கம்மா, வகுப்புக்குப் போங்க என்றேன்.

வழக்குப் போட்ட அம்மாவை நான் ஒருநாளும் குறை சொல்லமாட்டேன். போன வருடம் சிமென்ட் இறக்க வந்த லாரிக்காகக் கேட்டைத் திறந்து வைத்திருந்தார்கள். லாரி போன பிறகு சாத்த மறந்துவிட்டார்கள். அவளுடைய மகள், அப்போது முதல் வகுப்பு, அந்த வழியாக வெளியே நடந்து போய்விட்டாள். பகல் முழுக்கத் தேடினோம். சாயங்காலம் பேருந்து நிலையத்தில் ஓரமாக நின்ற ஒரு பஸ்ஸின் கடைசி இருக்கையில் தூங்கிக்கொண்டிருந்தாள். ஏன் போனாய் என்று கேட்டதற்கு, கேட் தொறந்திருந்துச்சு என்று மட்டும் சொன்னாள். இன்றுவரை அவ்வளவுதான் சொல்லியிருக்கிறாள். அந்த ஒரு பகலில் அவள் அம்மாவின் முகம் எப்படி ஆனது என்பதை நான் பார்த்தேன். அவள் கோர்ட்டுக்குப் போகாமல் வேறு எங்கே போவாள்?

மத்தியானம் தலைமையாசிரியர் திரும்பி வந்தார். நடந்ததைச் சொன்னேன். சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். கெட்டவர் இல்லை, ஓய்வு பெறப்போகிற வயதில் மாட்டிக்கொண்டவர். பூட்டை எடுத்துவிட்டு, பிள்ளைகளின் கைக்கு எட்டாத உயரத்தில் ஒரு தாழ்ப்பாள் போடலாம், வாசலில் எப்போதும் ஓர் ஆளை நிறுத்தலாம் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

“நெருப்பு வந்தாலும் வரும், வராமலும் போகும் டீச்சர். கோர்ட் கேஸ் வந்தாச்சே.”

அவர் சொன்னதில் தப்பில்லை. தினமும் பூட்டியிருப்பதற்கு அவர் பதில் சொல்லவேண்டியதில்லை, ஒருநாள் திறந்திருந்தால் பதில் சொல்ல வேண்டும். கடைசியில், அந்த அம்மா சம்மதித்தால் வக்கீலிடம் பேசிக் கோர்ட்டில் சொல்லிவிடலாம் என்றார். ஆனால் அவர் அனுப்பியதாக இருக்கக் கூடாதாம். நானாகவே போகிற மாதிரி போகவேண்டுமாம். நானாகவேதான் போனேன்.

அவள் சலவை நிலையத்தில் இஸ்திரி போடுகிறாள். தங்கும் விடுதிகளின் படுக்கை விரிப்புகள் மலைபோல் வந்து குவிகிற இடம். உள்ளே நுழைந்ததும் ஆவி முகத்தில் மோதியது. எங்கு பார்த்தாலும் வெள்ளைத் துணி, வெள்ளைப் புகை, அதற்கு நடுவே அங்கங்கே யாருடையதோ ஒரு கை, ஒரு தலை. காலையில் பார்த்த பனிக்குள்ளேயே திரும்பி வந்துவிட்டேனோ என்று தோன்றியது. அவள் என்னைப் பார்த்ததும் பதறிப்போய், பிள்ளைக்கு என்ன என்றாள். ஒன்றுமில்லை, வகுப்பில் இருக்கிறாள் என்றேன். நம்புவதற்கு அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

விஷயத்தைச் சொன்னேன். அவள் கை நிற்கவில்லை. விரிப்பின் சுருக்கங்கள் அவள் கைக்குக் கீழே வரிசையாக மறைந்துகொண்டே வந்தன.

“தினமும் காலையில அந்தப் பூட்டை இழுத்துப் பாத்துட்டுதான் நான் வேலைக்கு வர்றேன். அது உங்களுக்குத் தெரியுமா டீச்சர்?”

எனக்குத் தெரியாது. அவள் வேலைக்கு வரும் வழி அதுவல்ல. சுற்றிக்கொண்டு வரவேண்டும். வெளிப்பக்கமாக நின்று, கம்பிக்குள் கையை விட்டு, பூட்டைப் பிடித்து இழுத்துப் பார்க்கிற அவளை நினைத்ததும் நான் கொண்டுவந்த நியாயமெல்லாம் நாக்கில் ஒட்டிக்கொண்டது. பேசாமல் திரும்பிவிடலாமா என்றுகூட நினைத்தேன். இருந்தும் பல் விழுந்த பிள்ளை கேட்டதைச் சொல்லிவிட்டேன்.

இஸ்திரிப் பெட்டி நின்றது. ஆவிக்குள் அவள் முகம் எனக்குச் சரியாகத் தெரியவில்லை.

“அப்படிக் கேட்டது என் பொண்ணா?”

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அந்த இடத்திலேயே சம்மதம் வாங்கியிருப்பேன். இல்லை, அது வேறு பிள்ளை என்றேன். உங்கள் மகள் அதற்குப் பின்னால்தான் உட்கார்ந்திருந்தாள், சொன்னபடி மூக்கைப் பொத்திக்கொண்டு எதுவும் கேட்காமல் இருந்தாள் என்றேன். அவள் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். விரிப்பை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். எதுவும் கேக்கமாட்டா, அவ அப்படித்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். நான் கிளம்பும்போது பின்னாலேயே வாசல்வரை வந்தாள். அடுத்த தடவை எப்போது மணி அடிப்பீர்கள் என்று கேட்டாள். அன்றைக்கு அவளே வந்து கேட்டில் நிற்பாளாம். நின்று பார்த்துவிட்டுத்தான் வக்கீலிடம் எதுவும் சொல்வாளாம்.

அடுத்த ஒத்திகைக்கு அவள் வேலைக்கு விடுப்புப் போட்டுவிட்டு வந்திருந்தாள். தலைமையாசிரியர் தன் கையாலேயே பூட்டைக் கழற்றினார். கழற்றியதை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். அன்று பனி இல்லை. ஆனால் வெயில் புதிதாகக் கழுவின மாதிரி அவ்வளவு வெளிச்சமாக இருந்ததில், எல்லாம் கொஞ்சம் எட்ட நகர்ந்துவிட்டது போல எனக்கு ஒரு மயக்கம். அவள் தெருப்பக்கம் நின்றாள். மணி அடித்ததும் கம்பிக்கு மேலாகக் கையை நீட்டி, நான் சொன்ன உயரத்தில் போட்டிருந்த புதுத் தாழ்ப்பாளை அவளே நீக்கினாள். கேட் கிறீச்சிட்டுத் திறந்தது.

பிள்ளைகள் வந்தார்கள். முதல் வகுப்பு அவளைத் தாண்டித் தெருவோரத்துக்குப் போயிற்று. பல் விழுந்த பிள்ளை போகிற போக்கில் அவளை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தது. பிறகு இரண்டாம் வகுப்பு. அந்த வரிசையின் முதல் ஆளாக அவள் மகள்.

கேட் ஓடுகிற இரும்புச் சட்டம் தரையில் பதிந்திருக்கும் இடம்வரை வந்தவள் சட்டென்று நின்றுவிட்டாள். முன்னால் போன பிள்ளையின் தோள் அவள் கையை விட்டு நழுவிப் போனது. பின்னால் வந்தவர்கள் ஒருவர்மேல் ஒருவர் முட்டிக்கொண்டு நின்றார்கள். போ, போ என்று யாரோ கிசுகிசுத்தார்கள். அவள் போகவில்லை. அந்தக் கோட்டைத் தாண்டவே கூடாது என்று ஒரு வருடமாக வீட்டில் காலையும் மாலையும் சொல்லப்பட்ட பிள்ளை. தரையைப் பார்த்தாள், பிறகு அம்மாவைப் பார்த்தாள்.

நான் ஓரடி எடுத்து வைத்துவிட்டு நின்றேன். தலைமையாசிரியர் பூட்டைக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டார். வா என்று சொல்ல வேண்டியது நாங்கள் இல்லை. அது எனக்கு அந்த நேரத்தில் நன்றாகவே தெரிந்தது.

அம்மாவின் வாய் திறந்தது. சத்தம் வரவில்லை. அவள் கை மகளை நோக்கி நீண்டு, அந்தச் சட்டத்துக்கு மேலே வந்ததும் அப்படியே நின்றது. பிடித்து இழுத்துவிடலாம், அவ்வளவு பக்கம். அவள் இழுக்கவில்லை. கையை மெல்ல மடக்கிக்கொண்டாள். மகளின் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல், தெருவுக்குள் பின்புறமாக ஓரடி வைத்தாள். பிறகு இன்னொன்று. மணி அடித்துக்கொண்டே இருந்தது. அவர்கள் இருவருக்கும் நடுவே வெயில் விழுந்த தரை கொஞ்சம் கொஞ்சமாக அகன்றுகொண்டே போக, அந்தச் சின்னச் செருப்பின் நுனி இரும்புச் சட்டத்தின் மேல் ஏறி நின்றது.