தையல்காரியின் கடைவாய்ப்பல்

பல் மருத்துவமனையில் அந்த உதவியாளரை வாயாடி என்றுதான் கூப்பிடுவார்கள். ஊசி என்றாலே நடுங்குகிறவர்களைக்கூடப் பேசிப் பேசியே நாற்காலியில் உட்காரவைத்துவிடுவாள். ஞாயிறு வகுப்புக்கு நாலு வாரம் போய்ச் சைகைமொழியில் ஐம்பது சொல் கற்றதும் அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

அந்த வாரமே காது கேளாத தையல்காரி ஒருத்தி கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வந்தாள். மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிடலாமா என்றார் டாக்டர்.

"எதுக்கு டாக்டர்? அதான் நான் இருக்கேன்ல?"

"அப்ப கேளு. கடைவாய்ப்பல்லை எடுத்துடலாம், இல்லேன்னா வேரைச் சுத்தம் பண்ணி அடைக்கலாம். எது வேணுமாம்?"

வேருக்கும் அடைப்பதற்கும் வாயாடிக்குச் சைகை தெரியாது. தெரிந்ததைக் காட்டினாள்: பல், எடுக்க, சரி. முகக்கவசத்தைக் கழற்றவில்லை. தையல்காரி தலையாட்டினாள்.

"எடுக்கச் சொல்றாங்க டாக்டர்."

விளக்கு கூசியதால் தையல்காரி கண்ணை மூடியிருந்தாள். எல்லாம் முடிந்து கண்ணாடியில் ஓட்டையைப் பார்த்ததும் அவள் கைகள் படபடவென்று பறந்தன. வாயாடிக்கு ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நடந்ததை எழுதி ஆசிரியையிடம் நீட்டினாள். அவரும் காது கேளாதவர், இவள் வயதுதான். படித்துவிட்டுக் கீழே எழுதினார்: 'தலையாட்டினால் கவனிக்கிறேன், மேலே சொல் என்றும் அர்த்தம். கேள்வியைக் காட்டுவது கை மட்டும் அல்ல, உயர்த்திய புருவமும் வாயசைவும் சேர்ந்த முகம். நீ முகத்தை மூடிக்கொண்டு என்ன கேட்டாய்?'

மறுநாள் தையல் கடைக்குப் போனாள். அழைப்பு மணியை அழுத்தியதும் உள்ளே விளக்கு மினுங்கியது. தப்பு என்னுடையது, மன்னியுங்கள் என்று சைகை காட்டினாள். தையல்காரி முழுதும் பார்த்தாள். பிறகு குழந்தைக்குச் சொல்வதுபோல மெதுவாகக் காட்டினாள்: நீ, என்னிடம், கேட்கவில்லை.

அவ்வளவுதான். பார்வையைத் துணிக்குத் திருப்பிக்கொண்டாள். முகத்தில் கதவைச் சாத்தியதுபோல இருந்தது. தோளில் மெல்லத் தட்டிக் கூப்பிடலாம் என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். தூக்கிய கையை வாயாடி இறக்கிக்கொண்டாள். தையல் இயந்திரம் ஓடிக்கொண்டே இருந்தது.

அடுத்த வாரம் காது கேளாத பெரியவர் ஒருவர் வந்தார். டாக்டர் அவளைக் கூப்பிட்டார்.

"எனக்கு அவ்வளவு தெரியாது டாக்டர். மொழிபெயர்ப்பாளரை வரச்சொல்லுங்க."

"வர ஒரு மணி நேரம் ஆகுமே!"

"ஆகட்டும் டாக்டர்."

டாக்டர் உச்சுக்கொட்டிவிட்டுப் போனார். பெரியவர் எதிரில் போய் நிற்கவே அவளுக்குக் கூச்சமாக இருந்தது. ஆனாலும் முகக்கவசத்தைக் கழற்றிவிட்டு, காத்திருக்க முடியுமா என்று கேட்கப் போனாள்.