வளையத்துக்குப் பின்னால் கொட்டிய ஜல்லி

வேம்புலி இறக்கிய உறைக்கிணறு எந்தக் கோடைக்கும் வற்றாது என்று அம்பத்தூர் முழுக்கப் பேச்சு. அந்தப் பேர்தான் யுத்த காலத்தில் அவனை ஆவடி ராணுவ முகாம் வேலைக்கு இழுத்துக்கொண்டு போனது. தங்கை கன்னியம்மாளின் புருஷன் சம்பத்தையும் கூடவே கூட்டிப் போனான். அவள் அப்போது வாயும் வயிறுமாக இருந்தாள்.

குண்டு விழுந்தால் ஒளிந்துகொள்ள, மேட்டைக் குடைந்து ஒரு சுரங்கம். வளைந்த சிமெண்டுத் துண்டுகளை ஒன்றோடொன்று பொருத்தினால் ஆள் நிமிர்ந்து நடக்கலாம் போல ஒரு வளையம். அதை ஒட்டி அடுத்த வளையம். துண்டுக்கும் மண்ணுக்கும் நடுவே கையகல இடைவெளி விழும். அதில் காரையை இடித்து இறுக்கி நிரப்பச் சொன்னார் முகாம் ஓவர்சியர். வளையம் தன் பலத்தில் நிற்காது, இரண்டு பக்கமும் மண் இறுக்கிப் பிடித்தால்தான் நிற்கும் என்று படித்துப் படித்துச் சொன்னார்.

சொல்லி என்ன பிரயோசனம்? வேம்புலிக்குக் கிணற்று உறைக்குப் பின்னால் செங்கல் ஜல்லியைத் தளர்வாகக் கொட்டியே பழகிய கை. ஊற்று கசிந்து வர வழி வேண்டுமே!

"காரைய அடைச்சா தண்ணி எங்க போவும் மாப்ளே? முட்டிக்கினு நின்னு துண்டையே தள்ளிடும்," என்றான் வேம்புலி. ஓவர்சியர் தலை மறைந்ததும் பக்கவாட்டில் ஜல்லியைக் கொட்டினான். "மச்சான் சொன்னா சரிதான்," என்று சம்பத்தும் கூடை கூடையாக எடுத்துக் கொடுத்தான். வேம்புலி நல்லதென்று நினைத்துத்தான் செய்தான், பாவி.

ஐப்பசி மழையில் மேடு ஊறிக் கனத்தது. மேலே மண் அமுக்க, பக்கத்தில் பிடிப்பில்லாத வளையம் வயிறு தள்ளியது. உச்சியில் துண்டுகள் சேருமிடம் வாய் பிளந்தது. வெளியே நின்ற வேம்புலி அதைப் பார்த்துவிட்டு, "ஓடியா மாப்ளே!" என்று அலறினான். உள்ளே இருந்த சம்பத் திரும்பினான். அதற்குள் உச்சித் துண்டும் மண்ணும் சேர்ந்து அவன்மேல் இறங்கிவிட்டன.

இழவு வீட்டில், "துண்டு வச்சது வேம்புலிதானே?" என்று எவனோ முணுமுணுத்தான். சுருண்டு கிடந்த கன்னியம்மாள் சீறி எழுந்தாள்.

"எவன்டா அது? எங்கண்ணன் கை வச்சது சாயுமா? எல்லாம் என் தலையெய்த்து!"

 கூட்டம் கலைந்ததும் வேம்புலி அவளருகே போய் உட்கார்ந்தான். "கன்னிம்மா, ஓவர்சியர் சொன்னத நான் செய்யல. பின்னால ஜல்லியத்தான்..."

அவள் பாய்ந்து அவன் வாயைப் பொத்தினாள்.

"தெரியும்ணா. அவுரே அன்னிக்கு வூட்டுக்கு வந்து சொன்னாரு. நீ சொல்லாத. உன் வாயால கேட்டுட்டேன்னா, எனக்கு அண்ணனும் இல்லாம பூடும்."