இஞ்சித்தண்ணி

சுனாமி புருசனைக் கொண்டுபோய் ஒரு வருசம் கழித்து, களுவாஞ்சிக்குடி அகதி முகாமில் கண்ணகையின் வயிறு உப்பிக்கொண்டு வந்தது.

"ஆர்ர பிள்ளடி இது?" என்ற மாமி, புருசனின் தாய், வைத்தியர் வாயால் பிள்ளை இல்லையென்று வந்தால்தான் கூடாரத்துக்குள் விடுவேன் என்றாள்.

முகாமுக்கு வந்திருந்த சீன வைத்தியர் அவள் நாக்கைப் பார்த்தார், வெகுநேரம் நாடி பிடித்தார். மொழிபெயர்த்த நேர்ஸ் மவுறீன் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்: "வயித்தில பிள்ள இல்ல, காத்து. செமிபாடு சரியில்லையாம். பச்சத்தண்ணி, ஆறின பார்சல் சோறு வேணாமாம். இஞ்சி அவிச்சுக் குடிக்கட்டாம்."

மாமி முறைத்தாலும் பாய் விரிக்க இடம் விட்டாள்.

கண்ணகை மூன்று வேளையும் இஞ்சித்தண்ணி குடித்தாள். பத்தாம் நாள் வயிறு ஒட்டிப்போனது.

"பாத்தீங்களா, சீனாக்காரன்ர மருந்தில பிள்ளயக் கரைச்சுப்போட்டாள்!" என்று முகாமைக் கூட்டிக் கத்திய மாமி, அவளுடைய பாயைத் தூக்கி வெயிலில் எறிந்தாள்.