பதினேழாவது கேள்வி

சனிக்கிழமை காலை ஏழரை மணிக்கெல்லாம் அல்போன்சா தரைத்தளக் கழிப்பறையை இரண்டு முறை கழுவி முடித்திருந்தாள். கண்ணாடியைப் பழைய செய்தித்தாளால் துடைத்தாள். ஸ்டோர் ரூமிலிருந்து திரவ சோப்பு பாட்டில் மூன்றும், டிஷ்யூ சுருள் இரண்டும், எலுமிச்சை வாசனை ஸ்ப்ரே ஒன்றும் எடுத்து வந்து வைத்தாள். பெற்றோர்கள் பள்ளிக்கூடத்தைச் சுற்றிப் பார்க்க வருகிற சனிக்கிழமைகளில் மட்டும்தான் இவை வெளியே வரும். மதியம் அவளே திரும்ப எடுத்து வைத்துப் பூட்டிவிட வேண்டும். சனிக்கிழமையும் அரை நாள் வகுப்பு உண்டு; பள்ளிப் பிள்ளைகள் போவது இரண்டாம் மாடிக்கு. அங்கே பதினொரு மணிக்கு மேல் குழாயில் காற்றுதான் வரும். மூன்று கதவுகளில் ஒன்றுக்குத்தான் தாழ்ப்பாள். அந்த மாடிக்குப் பெற்றோரை யாரும் அழைத்துப் போவதில்லை.

ஆறு வருடமாக இந்தத் தில்லுமுல்லுக்கு அவளும் உடந்தை. போன செவ்வாய்க்கிழமை வரை அது அவளை உறுத்தியதே இல்லை.

அன்றைக்குத்தான் மகள் கேரலைக் கூட்டிக்கொண்டு நிர்வாக அதிகாரி பத்ரிநாத்தின் அறைக்குப் போனாள். ஜூன் மாதம் பிறந்தும் ஒன்றாம் வகுப்பில் ஒன்பது இடம் காலியாக இருந்தது. வேலையில் சேர்ந்தபோது, ஸ்டாஃப் பிள்ளைகளுக்குச் சலுகை உண்டு என்று சொன்னவரே அவர்தான். இஸ்திரி போட்ட கவுனும் இரட்டைச் சடையுமாக நின்ற கேரல், ஆங்கிலத்தில் கிழமைகளை ஒன்று விடாமல் ஒப்பித்தாள். பத்ரிநாத் கைகூடத் தட்டினார். பிறகு நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"பாப்பா ஸ்மார்ட்டாதான் இருக்கு. ஆனா நீயே யோசிச்சுப் பாரு. நீ பக்கெட்டும் மாப்புமா வராண்டாவுல போறே, இது கிளாஸ்லேந்து அம்மான்னு கூப்பிடுது. பக்கத்துல உக்காந்திருக்கற பிள்ளைங்க என்ன நினைக்கும்? அதுங்க பேரன்ட்ஸ் என்ன சொல்வாங்க? பாப்பாவுக்குத்தான் அசிங்கம். அது நல்லதுக்குத்தான் சொல்றேன்."

கேரல் அவர் வாயையே பார்த்தபடி, ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அன்று முதல் அல்போன்சாவுக்கு வயிறு எரிந்துகொண்டே இருந்தது. இந்த ஆள் மூஞ்சியில் கரியைப் பூச வேண்டும், இவன் பள்ளிக்கூடத்தைவிட நல்ல பள்ளிக்கூடத்தில் பிள்ளையைப் போட வேண்டும். தரையைத் துடைக்கும்போதும் சோறு வடிக்கும்போதும் இதே நினைப்பு.

அந்தச் சனிக்கிழமை பெற்றோர்கள் போன பிறகு ஹாலைப் பெருக்கும்போது, நாற்காலிக்கு அடியில் மடித்த தாள் ஒன்று கிடந்தது. குழந்தைக்குப் பள்ளி தேடுகிறவர்கள் கேட்க வேண்டிய இருபது கேள்விகள், ஆங்கிலத்தில். யாரோ ஒரு அம்மா கம்ப்யூட்டரில் அச்செடுத்து, பச்சை மையில் டிக் போட்டிருந்தாள். அல்போன்சா எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவள். எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டாள். பதினேழாவது கேள்வி, பிள்ளைகள் போகும் கழிப்பறையை நேரில் பார்த்தீர்களா, சின்னக் குழந்தை தனியாகப் போய் வர முடியுமா என்பது. அதற்கு மட்டும் இரண்டு டிக். அவளுக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. தாளை மடித்து ஏப்ரன் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டு, கேரலோடு அல்சூர் மார்க்கெட்டுக்குப் பின்னால் இருக்கும் அரசுத் தொடக்கப் பள்ளிக்குப் போனாள். தலைமை ஆசிரியை சீதாலட்சுமி அவளை உட்காரச் சொன்னார். மேஜைமேல் அந்தத் தாளை விரித்ததும் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"இருபது கேள்வியா? இருபத்தாறு வருஷ சர்வீஸ்ல என்னை யாரும் ஒரு கேள்வி கேட்டதில்லம்மா. கேளுங்க, கேளுங்க."

அல்போன்சா ஒன்று விடாமல் கேட்டாள். ஐந்து வகுப்புக்கு மூன்று டீச்சர். ஒன்றாம் வகுப்பில் பதினோரு பிள்ளைகள். அதில் ஒருத்தியை நிறுத்தி வாசிக்கச் சொன்னாள். கன்னடமும் தடங்கல் இல்லாமல் வந்தது, ஆங்கிலமும் வந்தது. சமையலறையில் சோற்றுப் பானை மூடியின் விளிம்பைச் சுண்டுவிரலால் தடவிப் பார்த்தாள். தண்ணீர் டிரம்முக்குள் கையை விட்டு அடியைத் தேய்த்தாள், வழுக்கவில்லை. கழுவுகிறவளை ஏமாற்ற முடியாது. ஒவ்வொன்றுக்கும் பத்ரிநாத்தை நினைத்துக்கொண்டே டிக் போட்டாள்.

கழிப்பறை பூட்டியிருந்தது. சீதாலட்சுமி சாவி கொண்டுவந்து திறந்தார். தரை பொட்டு ஈரமில்லாமல் காய்ந்து கிடந்தது. பினாயில் வாசனையும் இல்லை, வேறு வாசனையும் இல்லை.

"யாரும் போறதில்ல போலிருக்கே மேடம்?"

"தண்ணி வருதும்மா, கழுவத்தான் ஆள் இல்ல. எத்தனையோ லெட்டர் போட்டாச்சு. பிள்ளைங்கள விட்டுக் கழுவ வெக்கறது பாவம், வெக்கவும் கூடாது. சனிக்கிழமையில நானே கழுவறேன். தினமும் முடியல, அதனால பூட்டு. பொம்பளப் பிள்ளைங்க இன்டர்வெல்ல வீட்டுக்கு ஓடுதுங்க. பாதி திரும்பி வர்றதில்ல."

அவர் பொய் சொல்லவில்லை. அதற்காகவே அல்போன்சாவுக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. பதினேழுக்கு நேராகப் பெருக்கல் குறி போட்டாள். திரும்பி வந்தபோது கேரல் ஒன்றாம் வகுப்புப் பாயில் உட்கார்ந்து யாருடைய பென்சிலையோ வாங்கி எழுதிக்கொண்டிருந்தாள். கூப்பிட்டும் எழுந்து வரவில்லை.

"இங்கேயே போடறேன் மேடம். அடுத்த திங்கக்கிழமை வர்றேன். நடுவுல எனக்கு ஒரு வேலை இருக்கு."

அந்த வேலை என்னவென்று புருஷன் நோயலிடம் மட்டும் சொன்னாள். கூட்ஸ் ஆட்டோவுக்குத் தார்ப்பாய் கட்டிக்கொண்டிருந்தவன் கயிற்றை விட்டுவிட்டான்.

"வேலை போயிடும்டி."

"போவட்டும். எம்புள்ள முன்னாடியே சொன்னான்ல. எத்தனை பேருக்கு நடுவுல அவன் முழிக்கப்போறான்னு நான் பாக்கணும்."

அடுத்த சனிக்கிழமையும் அவள் எல்லாவற்றையும் வழக்கம்போலச் செய்தாள். சோப்பு, டிஷ்யூ, ஸ்ப்ரே. ஒரு குறையும் வைக்கவில்லை. பத்ரிநாத் பதினான்கு பெற்றோருக்கு நூலகத்தைக் காட்டிக்கொண்டிருந்தபோது மணி பதினொன்றேகால். பட்டுச் சட்டை போட்ட ஒரு சின்னப் பையன் காலை இறுக்கிக்கொண்டு நெளிந்தான்.

"ஆயா, இவங்களை டாய்லெட்டுக்குக் கூட்டிட்டுப் போ" என்றார் பத்ரிநாத். "நீங்களும் போய்ப் பாருங்க மேடம். ஹைஜீன்ல நாங்க காம்ப்ரமைஸே பண்றதில்ல."

இதற்குத்தான் அவள் காத்திருந்தாள். மூன்று அம்மாக்கள் அவள் பின்னால் வந்தார்கள். தரைத்தளத்தைத் தாண்டி மாடிப்படி ஏறினாள்.

"கீழ ஒண்ணு இருந்துதே?" என்றாள் ஒருத்தி.

"அது உங்களுக்கு மேடம். பிள்ளைங்களுக்கு மேல."

இரண்டாம் மாடியில், தாழ்ப்பாள் இல்லாத கதவை ஒரு சிறுமி உள்ளேயிருந்து காலால் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஈரத்தில் மிதித்த ஷூத் தடங்கள் வராண்டா வரை வந்திருந்தன. அல்போன்சா குழாயைத் திருகிக் காட்டினாள். அது இருமியது. ஒரு அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டே செல்போனில் படமெடுத்தாள். கீழே போனதும் அந்தப் படத்தைப் பத்ரிநாத்தின் கண்ணுக்கு நேரே நீட்டினாள். மற்றவர்கள் கூடிக்கொண்டார்கள். அவர் முகம் வெளிறி, பிளம்பர் என்றார், மோட்டார் என்றார். கூட்டம் காரைப் பார்த்து நடந்தது. அல்போன்சா தூணோரம் நின்று கண்குளிரப் பார்த்தாள். இதைவிட இனிப்பாக எதையும் அவள் தின்றதில்லை.

"இனிமே இந்த கேட்டுக்குள்ள கால் வெக்காதே" என்றார் பத்ரிநாத்.

"கேட்டும் வேணாம், உன் நல்லதும் வேணாம் சார்" என்று ஏப்ரனைக் கழற்றி அவர் மேஜைமேல் போட்டுவிட்டு வந்தாள்.

திங்கட்கிழமை காலை கேரலுக்குப் பெயர் பதிந்தாயிற்று. அவள் ஓடிப்போய் முதல் வரிசைப் பாயில் உட்கார்ந்துகொண்டாள். சீதாலட்சுமி படிவத்தை நிரப்பிக்கொண்டே வந்தார்.

"நீங்க என்ன வேலை பாக்கறீங்கம்மா?"

"ஸ்கூல்ல ஹவுஸ்கீப்பிங் மேடம். பாத்ரூம் கழுவறது. சனிக்கிழமையோட நின்னுடுச்சு."

பேனா நின்றது. சீதாலட்சுமி கண்ணாடியைக் கழற்றினார். அவர் முகம் மலர்ந்துவிட்டது. இழுப்பறையைத் திறந்து, சாவியை எடுத்துப் படிவத்தின்மேல் வைத்தார்.

"கடவுள்தான் உன்னை அனுப்பிச்சிருக்காரு. காலையில ஒரு அரை மணி நேரம் வந்துட்டுப் போயேன். சம்பளம்னு நான் எதுவும் தர முடியாது. ஆனா உம்பொண்ணும் அங்கதானே போகணும்? பக்கெட்டு சமையலறைக்குப் பின்னாடி இருக்கு பாரு."

அல்போன்சா சாவியையே பார்த்தாள். தாளில் இருந்த இருபதும் பள்ளிக்கூடத்தைக் கேட்கும் கேள்விகள்; இது அவளைக் கேட்பது. கழிப்பறைக்குப் போக வீட்டுக்கு ஓடி, திரும்பி வராத பிள்ளைகளை நினைத்தாள். சாவியை எடுத்துக்கொண்டாள்.

பக்கெட்டில் தண்ணீர் பிடித்து, துடைப்பத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வராண்டா வழியாக நடந்தாள். ஒன்றாம் வகுப்புக் கதவு திறந்திருந்தது. டீச்சர் கரும்பலகையில் கன்னட எழுத்துகளைத் தொட்டுத் தொட்டுச் சொல்ல, பிள்ளைகள் திருப்பிச் சொன்னார்கள். கேரல் தலையைத் திருப்பினாள். அம்மாவைக் கண்டதும் கை பாதி உயர்ந்தது, வாய் திறந்தது. பிறகு பக்கெட்டைப் பார்த்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளைப் பார்த்தாள்.

கையை மடியில் இறக்கிக்கொண்டு, கரும்பலகையின் பக்கம் திரும்பி, மற்ற எல்லாரையும்விட உரக்க எழுத்துகளைச் சொல்லத் தொடங்கினாள்.