தங்கச்சி வண்டி

நான் எழுதிய புத்தகங்கள் இந்நேரம் பல லட்சம் வீடுகளுக்குள் போயிருக்கும். ஒருவர்கூடப் படித்திருக்க மாட்டார். மிக்ஸி, வாஷிங் மெஷின், இஸ்திரிப் பெட்டி வாங்கினால் அட்டைப் பெட்டிக்குள் தெர்மாகோலுக்கு அடியில் ஒரு சின்னப் புத்தகம் கிடக்குமே, 'பயன்படுத்தும் முன் கவனமாகப் படிக்கவும்' என்று, அதை எழுதுகிற ஆசாமி நான்தான். பதினேழு வருடமாக இதே பிழைப்பு. அதனால் அச்சில் ஒன்றைப் பார்த்துவிட்டால் எனக்குக் கண்மூடித்தனமான மரியாதை வந்துவிடும். மச்சானுக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை அறுந்துபோனது இந்த மரியாதையால்தான்.

மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். மெக்கானிக், சொந்தமாக ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறார். எங்களிடம் ஒரு பிக்கப் வண்டி இருக்கிறது. கிளட்ச் கிடையாது, கியரை அதுவே மாற்றிக்கொள்ளும். வீட்டுக்குப் பின்னால் மனைவி நடத்தும் நர்சரிக்கு மண், உரம், தொட்டி எல்லாம் அதில்தான் வரும், செடிகள் அதில்தான் போகும். ஓட்டுவது பெரும்பாலும் அவள். 'என் வண்டி' என்று ஊரெல்லாம் சொல்லிக்கொள்வது நான்.

மூன்று வருடத்துக்கு முன்பு, ஒரு கல்யாணச் சாப்பாட்டின்போது மச்சான் எனக்கு எதிரில் உட்கார்ந்திருந்தார். "மாப்ளே, அந்த வண்டிக்கு கியர் பாக்ஸ் ஆயிலும் ஃபில்டரும் மாத்தணும். ஒருநாள் கொண்டாந்து விடுங்க," என்றார்.

நான் சும்மா தலையாட்டியிருக்கலாம். "வண்டியோட வந்த புக்குல மாத்தத் தேவையில்லைன்னு போட்டிருக்கே மச்சான்," என்றேன்.

"அந்த புக்கை எழுதினவன் என்னைக்காவது வண்டிக்கு அடியில படுத்திருப்பானா?"

பந்தி முழுக்கச் சிரித்தது. என் வேலை என்னவென்று அங்கே எல்லோருக்கும் தெரியும். எனக்குக் காது வரைக்கும் சூடேறியது. "வேலை இல்லாத மெக்கானிக்தான் இல்லாத வேலையை உண்டாக்குவான்," என்று சொன்னேன். அதற்கு யாரும் சிரிக்கவில்லை. மச்சான் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவப் போய்விட்டார். அதற்குப் பிறகு நான் இருக்கிற நேரத்தில் அவர் எங்கள் வீட்டுக்கு வருவதில்லை. நான் அவருடைய ஒர்க்‌ஷாப் இருக்கும் தெருவையே சுற்றிக்கொண்டு போவேன்.

வண்டியோ ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. அது என் தலைக்கனத்துக்கு இன்னும் தீனி போட்டது. "பார், எந்த மெக்கானிக்கும் கை வைக்காம எட்டு வருஷமா ஓடுது," என்று மனைவியிடம் அடிக்கடி சொல்வேன். அவள் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருப்பாள். கவனிப்பில் நானும் குறை வைத்ததில்லை. ஏழு மாதத்துக்கு முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, வண்டியை ஸ்டார்ட் பண்ணிய கையோடு கியர் பாக்ஸின் அளவுக் கம்பியை உருவிப் பார்த்தேன். ஆயில் கொஞ்சம் கீழே நின்றது. கடைக்கு நடந்து போய், உரிய ஆயிலையே கேட்டு வாங்கி, ஒரு லிட்டர் ஊற்றினேன். அன்று முழுக்க என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

அடுத்த வாரமே வண்டி மக்கர் பண்ண ஆரம்பித்தது. இரண்டாவது கியரிலிருந்து மூன்றாவதுக்குப் போகும்போது ஒரு கணம் யோசிக்கும், பிறகு பின்னாலிருந்து யாரோ உதைத்த மாதிரி குலுங்கும். இது நடந்த நேரம்தான் மோசம். மனைவிக்கு அப்போதுதான் முதல் பெரிய ஆர்டர் கிடைத்திருந்தது. புதிதாகத் திறக்கப்போகும் ஓர் அலுவலகத்துக்கு நூற்றெண்பது தொட்டிச் செடிகள், ஞாயிறு காலை ஏழு மணிக்குள் இறக்கியாக வேண்டும். பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு நர்சரி ஆரம்பித்த நாளிலிருந்து அவள் காத்திருந்தது இப்படி ஒன்றுக்காகத்தான்.

"அண்ணன்கிட்ட ஒரு தடவை காட்டிடலாமே," என்றாள் வெள்ளிக்கிழமை.

"உங்க அண்ணன் தயவுல ஓட வேண்டிய நிலைமை என் வண்டிக்கு வரல. ஆயிலையும் ஃபில்டரையும் நானே மாத்திடுறேன்."

"மாத்தவே வேண்டாம்னு புக்குல போட்டிருக்குன்னு சொன்னீங்க?"

இந்த மாதிரிக் கேள்விகளுக்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருந்தால் வேலை நடக்காது. நான்கு வீடியோ பார்த்தேன். எல்லாவற்றையும் ஒன்றரை மடங்கு வேகத்தில் பார்த்தேன். கடையில் ஒரு பெட்டி கொடுத்தார்கள். உள்ளே ஒரு பெரிய தட்டையான ஃபில்டர், கசிவை அடைக்கிற ஒரு கேஸ்கட், உருண்டையாக ஒரு குட்டி ஃபில்டர். குட்டி எதற்கென்று எந்த வீடியோவிலும் வரவில்லை. வந்திருக்கலாம், வேகத்தில் போயிருக்கும். இனாமாகக் கொடுத்திருக்கிறார்கள் என்று முடிவு கட்டி அதை ஜன்னலில் வைத்தேன்.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு வண்டியை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டுகளை முட்டுக்கொடுத்து, அடியில் போய்ப் படுத்தேன். அன்று நான் ஒழுங்காகச் செய்தது அது ஒன்றுதான். எங்கள் கியர் பாக்ஸின் அடியில் ஒரு இரும்புச் சட்டி, சுற்றிலும் பதினாறு போல்ட். ஆயிலைத் திறந்துவிடத் தனியாகத் திருகு எதுவும் கிடையாது. போல்ட்டுகளைக் கழற்றிச் சட்டியைச் சாய்த்தால் ஆயில் கொட்டும், நாம் பிடித்துக்கொள்ள வேண்டும். பிடிப்பதற்கு அகலமான, தணிவான பாத்திரம் தேவை. நர்சரியில் அதற்கென்றே செய்தது போல ஒரு தட்டு கண்ணில் பட்டது. கறுப்புப் பிளாஸ்டிக், நல்ல அகலம். நாற்று வளர்க்கிற தட்டு. இரண்டை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன்.

நாற்றுத் தட்டுக்கு அடியில் ஓட்டை இருக்கும். வேர் அழுகாமல் இருக்க, ஊற்றுகிற தண்ணீர் வடிந்துபோக, குழிக்கு ஒரு ஓட்டை. நர்சரிக்காரியோடு குடித்தனம் நடத்துகிற எனக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

பன்னிரண்டாவது போல்ட்டைத் தளர்த்தும்போது சட்டி ஒரு பக்கமாகச் சரிந்தது. சிவப்பு ஆயில் தடதடவென்று தட்டில் விழுந்தது, விழுந்த வேகத்தில் ஓட்டைகள் வழியாக இறங்கி சிமெண்டுத் தரையில் ஓடி என் முதுகுக்கு அடியில் வந்து சேர்ந்தது. எழுந்திருக்கவும் முடியாது, சட்டியை விடவும் முடியாது. "என்னங்க சத்தம்?" என்று மனைவி கேட்டாள். "ஒண்ணுமில்ல, வடியுது," என்றேன். அவள் குனிந்து பார்த்தாள். பிறகு போய் ஒரு மூட்டை மரத்தூளைக் கொண்டுவந்து என்னைச் சுற்றிக் கொட்டினாள்.

அந்த நிலையிலும் எனக்கு ஒரு சந்தோஷம். ஆயில் கறுத்திருக்கும், கருகிய வாடை வரும் என்று வீடியோவில் பயமுறுத்தியிருந்தார்கள். இதுவோ நல்ல சிவப்பு. எட்டு வருடம் மாற்றாத ஆயில் இப்படி இருக்கிறதென்றால் புத்தகம் எழுதினவன் சொன்னதுதானே சரி? இதை ஒரு பாட்டிலில் பிடித்து மச்சான் வீட்டு வாசலில் வைத்துவிட்டு வரலாமா என்றுகூட யோசித்தேன். சட்டியை முழுதாக இறக்கிவிட்டு டார்ச்சை அடித்து மேலே பார்த்தேன்.

பழைய ஃபில்டரில் வெள்ளைப் பெயிண்ட் பேனாவால் எழுதியிருந்தது. ஒரு தேதி. அதற்குக் கீழே கிலோமீட்டர். அதற்கும் கீழே, 'தங்கச்சி வண்டி.'

தேதியை மூன்று தடவை படித்தேன். போன வருடத்தியது. நான் தலைமை அலுவலகத்துக்கு ஒரு வாரம் போயிருந்த நாட்கள். கட்டைவிரலால் எழுத்தைத் தேய்த்துப் பார்த்தேன், அழியவில்லை. பிறகு மனைவியைக் கூப்பிட்டேன். அவள் தரையில் கன்னம் படுகிற அளவுக்குக் குனிந்தாள்.

"இது யார் எழுத்து?"

"அண்ணன் எழுத்து." மறைக்கவெல்லாம் இல்லை. "நீங்க வெளியூர் போறப்ப கொண்டுபோய் விடுவேன். இதோட ரெண்டு தடவை மாத்திட்டாங்க."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா விட்டிருப்பீங்களா? உங்ககிட்ட சொல்ல வேண்டாம்னு அண்ணன்தான் சொன்னாங்க. உங்களுக்குக் கஷ்டமா இருக்குமாம்."

எந்த மெக்கானிக்கும் கை வைக்காமல் ஓடுகிறது என்று இவளிடமே எத்தனை தடவை சொல்லியிருப்பேன். அவள் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த முகம் ஞாபகத்துக்கு வந்தது. வெட்கமாக இருந்தது.

வெட்கத்தை வேலையில் காட்டலாமென்று பழைய ஃபில்டரைப் பிடுங்கிவிட்டுப் புதியதை மேலே அழுத்தினேன். நிற்கவில்லை. பாதிதான் போனது, கையை எடுத்ததும் என் நெற்றியில் விழுந்தது. மறுபடி அழுத்தினேன். மறுபடி நெற்றி. மூன்றாவது தடவை மூக்கு. மணி பன்னிரண்டாகிவிட்டது. வாசலில் நூற்றெண்பது தொட்டிகள் வரிசையாக நின்றன, ஒவ்வொன்றையும் அவள் ஈரத்துணியால் துடைத்து வைத்திருந்தாள்.

அவள் தன் போனை எடுத்து என்னிடம் நீட்டினாள். "நான் பேச மாட்டேன். நீங்களே பேசுங்க."

மணி நான்கு தடவை அடித்தது. "சொல்லும்மா," என்றார் மச்சான்.

"நான்தான் மச்சான்."

அந்தப் பக்கம் ஏதோ மெஷின் சத்தம் நின்றது. மூன்று வருடத்துக்குப் பிறகு எதை முதலில் சொல்வது? நலமா என்று கேட்பதா, மன்னிப்புக் கேட்பதா? "ஃபில்டர் கீழ கீழ விழுது மச்சான்," என்றேன்.

"பழைய ரப்பர் வளையம் மேல குழியிலேயே ஒட்டிட்டு இருக்கும். எதையும் விட்டு நோண்டாதீங்க மாப்ளே, கீறல் விழுந்துடும். வரேன்."

வந்தார். மரத்தூளைப் பார்த்தார், நாற்றுத் தட்டுகளைப் பார்த்தார், என் சட்டையைப் பார்த்தார். உதட்டைக் கடித்துக்கொண்டார். நான் அவரிடமிருந்து வாங்கிய பெரிய உதவிகளில் அதுவும் ஒன்று. அடியில் என் பக்கத்திலேயே படுத்து, கொக்கி மாதிரி ஒரு கருவியால் வளையத்தை வெளியே எடுத்தார்.

"அது சரி, எதுக்கு இதை இப்ப கழட்டினீங்க?"

குலுங்குவதைச் சொன்னேன்.

"எப்பருந்து?"

"போன மாசம். நான் ஒரு லிட்டர் ஊத்தினதுக்கு அடுத்த வாரம்." சொல்லும்போதே எனக்கு ஏதோ இடித்தது.

"லெவல் எப்பப் பாத்தீங்க?"

"காலையில. ஸ்டார்ட் பண்ணின உடனே."

"அந்த புக்கைக் கொஞ்சம் எடுத்துட்டு வாங்க."

கொண்டுவந்தேன். படிக்கச் சொன்னார். எண்ணெய் படிந்த முகத்தோடு வாசலில் நின்று வாய்விட்டுப் படித்தேன். "'வாகனத்தை இருபது நிமிடம் ஓட்டிய பின், ஆயில் நன்கு சூடான நிலையில், எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே அளவைச் சரிபார்க்கவும். குளிர்ந்த நிலையில் அளவு குறைவாகக் காட்டும். மேலும் ஊற்ற வேண்டாம்.'" கடைசி வரி தடித்த எழுத்தில் இருந்தது. நானாக இருந்தாலும் தடித்த எழுத்தில்தான் போட்டிருப்பேன்.

"சூடானதும் பொங்கி நுரைச்சிருக்கும். நுரையை வெச்சு எப்படி கியர் மாத்தும்? ஒரு லிட்டரை உறிஞ்சி எடுத்திருந்தா சரியாப் போயிருக்கும்," என்றார் மச்சான். பிறகு, "புக்குல சரியாத்தான் எழுதியிருக்கான்," என்றார்.

அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன், இருமல்தான் வந்தது. ஜன்னலில் இருந்த குட்டி ஃபில்டரை எடுத்து நீட்டினேன். அவர் அதை ரேடியேட்டருக்குப் போகும் குழாயில் பழையதைக் கழற்றிவிட்டு மாட்டினார். இனாம் இல்லையாம். பிறகு புதிய பெரிய ஃபில்டரையும் வெள்ளைப் பேனாவையும் என்னிடம் தந்தார். "தேதி எழுதுங்க. நீங்கதானே கழட்டினீங்க."

தேதி எழுதினேன். பதினேழு வருடத்தில் இவ்வளவு யோசித்து ஒரு வரி எழுதியதில்லை. தேதிக்குக் கீழே, 'அன்று பந்தியில் சொன்னது தப்பு மச்சான். மன்னித்துவிடுங்கள்' என்று எழுதினேன். சட்டிக்குள் போய்விடும், அடுத்த சர்வீசில் அவர் திறந்து படிக்கட்டும், அப்போது நான் வெளியூரில் இருக்கலாம் என்பது என் வீரமான திட்டம். எழுதிய பக்கத்தைக் கவிழ்த்துக் கொடுத்தேன். அவர் வாங்கியதும் நிமிர்த்திப் பார்த்தார். கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினார். வெகுநேரம் படித்தார்.

"கிலோமீட்டர் எழுதலையே," என்றார்.

நான் எழுந்து போய், வண்டிக்குள் எட்டிப் பார்த்து, எண்ணைக் கத்திச் சொன்னேன். கீழே பேனா கீறுகிற சத்தம் கேட்டது. எண் எழுத ஆகிற நேரத்தைவிட அதிக நேரம் கேட்டது. "ஆயில் டப்பாவெல்லாம் எடுத்துட்டு வாங்க," என்றார். நான் வருவதற்குள் சட்டி மேலே ஏறி, மூலைக்கு ஒன்றாக நாலு போல்ட் மாட்டியிருந்தது.

மற்ற பன்னிரண்டையும் நான் முடுக்கினேன். ஊற்றி, ஓட்டி, சூடாக்கி, எஞ்சின் ஓட ஓட அளவு பார்த்தோம். ஞாயிறு காலை ஆறே முக்காலுக்கெல்லாம் கடைசித் தொட்டி இறங்கிவிட்டது. வண்டி கியர் மாற்றியதே தெரியவில்லை என்று மனைவி சொன்னாள்.

இப்போது மச்சான் வீட்டுக்கு வருகிறார். எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறோம். என்ன எழுதினீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்டால் சொல்லிவிடுவார். எனக்குத்தான் தைரியம் வரவில்லை. அடுத்து சட்டியைத் திறப்பது ஐம்பதாயிரம் கிலோமீட்டர் ஓடிய பிறகுதான் என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார், அதுவும் நான் பக்கத்தில் இருக்கும்போதுதானாம். ஆறு மாதத்தில் பதினோராயிரம் ஓட்டியிருக்கிறேன். தெருக்கோடிக் கடைக்குத் தீப்பெட்டி வாங்கக்கூட வண்டியில்தான் போகிறேன், அதுவும் சுற்றுவழியில், மச்சானின் ஒர்க்‌ஷாப் இருக்கும் தெரு வழியாக.