மூன்றாம் பந்தயத்துச் சட்டைக்கை

கடலில் முழங்கால் ஆழத்தில் நின்றபோதும் மாஸ்டர் தம் முழுக்கைச் சட்டையின் கழுத்துப் பொத்தானைக் கழற்றவில்லை. ஊரில் பாதிப் பேருக்குக் கோட்டு தைத்தவன் பனியனோடு நின்றால் அந்தக் கோட்டுகளுக்கு என்ன மரியாதை என்பது அவர் கட்சி. கால்சட்டையை மட்டும் மடித்துவிட்டிருந்தார். அந்த மடிப்பும் இரண்டு காலிலும் ஒரே அளவு.

வெளியே காட்டிக்கொள்ளாவிட்டாலும் அன்று அவருக்குத் தலைகால் புரியவில்லை. அவர் கடையில் தைத்த பட்டுச் சட்டை ஒன்று முதன்முதலாக அன்று மாலை குதிரைப் பந்தயத்தில் ஓடப்போகிறது. ஏழாம் எண் குதிரையின் ஜாக்கிக்குத் தைத்தது; சிவப்பில் மஞ்சள் புள்ளி. பந்தய மைதானம் கடற்கரையிலிருந்து அரை மணி நேரம்தான் என்பதால், பகலைக் கடலுக்கும் மாலையைக் குதிரைக்கும் என்று பங்கிட்டுக்கொண்டு, மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். மனைவியின் தம்பி தன் வேனை ஓட்டிவந்தான்.

"அத்தான், இன்னும் ரெண்டு அடி உள்ள வாங்க. நீங்க தொட்டா கடல் ஒண்ணும் அழுக்காயிடாது," என்று மைத்துனன் இடுப்பளவு தண்ணீரில் நின்று கத்தினான்.

"கடலுக்கு ஒண்ணும் ஆகாது. கஞ்சி போட்ட சட்டைக்கு ஆகும்."

பேசி வாய் மூடுவதற்குள் ஓர் அலை வந்து அவரை அலாக்காகத் தூக்கி, கரையில் உட்காரவைத்துவிட்டுப் போனது. உப்புத் தண்ணீரைத் துப்பிவிட்டு மாஸ்டர் சிரித்தார். வாய்விட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு. மனைவி பயந்தே போனாள். மகள்தான் ஓடிவந்து அவர் சட்டையில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டாள்.

"அப்பா, பட்டன்ல நூல் தொங்குது."

சிரிப்பு சட்டென்று நின்றது.

அது அவர் கடையின் பழக்கம். சட்டையோடு கையை முதலில் நீளநீளமான ஓட்டுத்தையலால் பிடித்துவைப்பார்கள். பிறகு மெஷினில் நிரந்தரத் தையல் போட்டு, ஓட்டு நூலை உருவி, தன் சட்டையின் இரண்டாவது பொத்தானில் சுற்றிக்கொள்வார் மாஸ்டர். ஒரு கைக்கு ஒரு நூல். கை இணைக்கும் வேலையை அவர் வேறு யாருக்கும் விட்டதில்லை. மகள் கடையின் இரண்டாவது மெஷினில் ஆறு வருடமாக உட்கார்ந்திருக்கிறாள், அவளுக்கும் விட்டதில்லை.

பொத்தானில் ஒரு நூல்தான் இருந்தது. ஜாக்கியின் சட்டைக்கோ இரண்டு கை.

மாஸ்டருக்குக் காலை நடந்தது கண்முன் வந்தது. இடக்கையைத் தைத்து முடித்தார். வலக்கையை ஓட்டுத்தையலில் பிடித்தார். வாசலில் மைத்துனன் ஹார்ன் அடித்தான். துண்டுகளை எந்தப் பையில் வைப்பது என்று மனைவி மூன்று முறை கேட்டாள். குதிரை லாயத்து ஆள் வந்து நின்றான். தேய்த்தார், மடித்தார், கொடுத்தார்.

போன மாதம்தான் மகள் ஒருவருடைய கோட்டை அடிமடிப்பில் ஓட்டுத்தையலோடு அனுப்பிவிட்டாள். மூன்று நாள் அவளை வறுத்தெடுத்தார். "ஓட்டுத்தையலோட துணி வெளிய போனா, நம்ம குடும்பமே துணியில்லாம வெளிய போன மாதிரி," என்றார், வாடிக்கையாளர்கள் முன்னாலேயே. இப்போது அவளிடம் எந்த வாயால் சொல்வது?

"கிளம்பலாம்," என்றார்.

"மணி மூணுகூட ஆகல. சாப்பாட்டையே இன்னும் பிரிக்கலீங்க," என்றாள் மனைவி.

"வேன்ல பிரிச்சுக்கலாம். குதிரைங்களைப் பக்கத்துல பாக்கணும்."

"குதிரையா? குதிரைப் படத்தைப் பாத்தாலே தும்முவீங்களே."

வேன் புறப்பட்டது. நாற்பதுக்கு மேல் போனால் இறங்கிக்கொள்வேன் என்று மிரட்டும் மனிதர், முன் இருக்கையில் நனைந்த துணியோடு உட்கார்ந்து, "அழுத்து, அழுத்து. காலு தூங்குதா?" என்று விரட்டினார். திருப்பத்துக்குத் திருப்பம் சாப்பாட்டுப் பொட்டலங்கள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடின. பிடிக்கப் போன மனைவியும் மகளும் அவற்றோடு ஓடினார்கள். மூடிய ரயில்வே கேட் ஒன்று நாற்பது நிமிடத்தை விழுங்கியது. மைதானத்துக்கு வந்தபோது இரண்டாம் பந்தயம் முடிந்திருந்தது. ஏழாம் எண் ஓடுவது மூன்றாவதில்.

மற்றவர்களைப் படிக்கட்டு வரிசையில் உட்காரவைத்துவிட்டு மாஸ்டர் ஜாக்கிகளின் அறைக்கு ஓடினார். காவலாளி கையை நீட்டித் தடுத்தார்.

"வெளியாளுங்க போகக்கூடாது."

"நான் வெளியாள் இல்ல. ஏழாம் நம்பர் சட்டையத் தைச்சவன்."

காவலாளி அவரை ஏற இறங்கப் பார்த்தார். தலையெல்லாம் மணல். ஒரு கால்சட்டை மடித்தபடி, மற்றது அவிழ்ந்தபடி. தோளில் கடற்பாசி. "நீங்க தைச்சீங்க? சரி. இப்ப என்ன வேணும்?"

மாஸ்டர் காலரின் அடியில் குத்தியிருந்த ஊசியை உருவிக் காட்டினார். "ஒரே நிமிஷம். இது இருந்தாப் போதும்."

"ஊசியோட குதிரைப் பக்கத்துல போகணுமா? நல்லா இருக்கு கதை. போய் உக்காருங்க பெரியவரே."

அதற்குள் மூன்றாம் பந்தயத்துக்கு மணி அடித்துவிட்டது.

படிக்கட்டில் வந்து உட்கார்ந்த மாஸ்டர் குதிரையைப் பார்க்கவில்லை. வலது தோளை மட்டும் பார்த்தார். எப்போதும் கடைசியாக வருவதில் பேர்போன ஏழாம் எண் அன்றும் கடைசியாகத்தான் கிளம்பியது. வளைவு வரை கை இருந்தது. வளைவில் ஜாக்கி சாட்டையை ஓங்கினார். தோளில் ஒரு வாய் திறந்தது. அதில் காற்று புகுந்து கை பலூன்போல உப்பியது. மணிக்கட்டுக்கு நழுவி, ஒரு கணம் அங்கே படபடத்து, பிய்த்துக்கொண்டு பறந்தது. மஞ்சள் புள்ளி போட்ட அந்தச் சிவப்புக் கை கூட்டத்துக்கு டாட்டா காட்டியபடி வேலிக்கு மேலே போயிற்று. பின்னால் படபடத்ததில் குதிரை மிரண்டதோ என்னவோ, வாழ்நாளில் ஓடாத ஓட்டம் ஓடி மூன்றாவதாக வந்தது.

மைதானமே விழுந்து விழுந்து சிரித்தது. ஒலிபெருக்கியில் அறிவிப்பாளர் சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னார்: "ஒரு கை கண்டெடுக்கப்பட்டுள்ளது. உரியவர் அலுவலகத்தில் வந்து பெற்றுக்கொள்ளவும்."

மைத்துனன் குனிந்து முணுமுணுத்தான். "அத்தான், வாயத் திறக்காதீங்க. அடுத்த ஓட்டம் வந்தா எல்லாரும் மறந்துடுவாங்க. இங்க நம்மள யாருக்குத் தெரியும்?"

"காலர்ல நம்ம கடைச் சீட்டு இருக்குடா."

"அதை எவன் படிக்கப்போறான்?"

"எழுதி வச்சவன் நான் இருக்கேனே."

மாஸ்டர் எழுந்து முதுகை நிமிர்த்தினார். மகள் பக்கம் திரும்பினார். "வலக்கைய நான் ஓட்டுத்தையல்லயே விட்டுட்டேன்மா. கடல்லயே தெரிஞ்சுபோச்சு. உன்கிட்ட சொல்ல மூஞ்சி இல்ல."

மகள் உதட்டைக் கடித்துக்கொண்டு பார்த்தாள். கன்னம் உப்பியது. அடக்க முடியாமல் அவள் வெடித்துச் சிரித்ததில் தாய்க்கும் தொற்றி, மைத்துனனுக்கும் தொற்றிக்கொண்டது.

"வாங்கப்பா, நானும் வரேன்," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"கைக்கு உரியவர் நான்தான். வழி விடுங்க," என்று சொல்லிக்கொண்டே மாஸ்டர் படி இறங்கினார். முதலில் நான்கு பேர் கைதட்டினார்கள். அவர் கீழே போய்ச் சேர்வதற்குள் அந்தப் பக்கம் முழுவதும் எழுந்து நின்று தட்டியது. தோளில் பாசியோடு, மாப்பிள்ளை ஊர்வலம் போவதுபோல அவர் நடந்தார்.

அலுவலகத்தில் ஒற்றைக் கையோடு நின்ற ஜாக்கி, "நீங்களா மாஸ்டர்? இந்தச் சோம்பேறி இவ்வளவு ஓடி நான் பாத்ததே இல்ல. இன்னொரு கையையும் எடுத்துடுங்களேன்," என்றார்.

"என் கடைச் சட்டைக்கு ரெண்டு கை. அடுத்த ஓட்டம் எப்போ?"

"இருபது நிமிஷத்துல. இதே முதலாளியோட இன்னொரு குதிரை."

"கழட்டாதீங்க. அப்படியே நில்லுங்க."

ஊசியில் நூலைக் கோத்தார். கையைத் தோளில் பொருத்தினார். பிறகு ஏனோ ஒரு கணம் நின்று, ஊசியை மகளிடம் கொடுத்தார். அவள் வாங்கித் தைத்தாள். பொடிப்பொடியாக, இரட்டைத் தையல். மாஸ்டர் மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் நூலைக் கடித்து அறுத்தாள்.

"இழுத்துப் பாரு," என்றார்.

மகள் இரண்டு கையாலும் சட்டைக்கையைப் பிடித்து, காலை ஊன்றி இழுத்தாள். ஜாக்கிதான் வந்தார். கை வரவில்லை.