மாவு மூட்டைகளிடம் பேசியவர்

பேக்கரிக்காரர் தினமும் மதியம் மூன்று மணிக்கு நிலவறைக்குள் இறங்கி, கதவை உள்ளே தாழ்போட்டுக்கொள்ள ஆரம்பித்துப் பத்து நாள் ஆகியிருந்தது. கடைக்கு அடியில் இருந்த அந்த அறையில் மாவு மூட்டைகளையும் வெண்ணெய்ப் பெட்டிகளையும் தவிர வேறொன்றும் கிடையாது. ஒரு மூட்டையை எடுத்துவர ஐந்து நிமிடம் போதும். அவரோ அரைமணி நேரம் கழித்து, முகமெல்லாம் வியர்த்து, வெறுங்கையோடு மேலே வருவார்.

கல்லாவில் உட்காரும் மனைவிக்குச் சந்தேகம் வந்தது. அவருக்குக் குடிப்பழக்கம் இல்லை. ஆனாலும் கிட்டே போகிற சாக்கில் மோந்து பார்த்தாள். ஈஸ்ட் வாசனைதான் அடித்தது.

"கீழ அப்படி என்னதான் பண்றீங்க?"

"எ... எ..."

"எலியா?" என்று அவளே முடித்தாள். அவர் தலையாட்டிவிட்டு அடுப்புப் பக்கம் போய்விட்டார்.

அவருக்குச் சிறு வயதிலிருந்தே திக்குவாய். அவளுக்கோ வாய் காது வரைக்கும். கல்யாணமான இருபத்தைந்து வருடமாக, அவர் முதல் எழுத்தைத் தொட்டால் போதும், மிச்சத்தை அவள் சொல்லிவிடுவாள். வாடிக்கையாளரிடம், வங்கியில், மகளுடைய பள்ளியில், எங்கும் அவருடைய வாய் அவள்தான். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

வருகிற ஞாயிற்றுக்கிழமை மகளுக்குச் சம்பந்தம் பேச வருகிறார்கள். நல்ல இடம். கல்யாணத்துக்குப் பிறகு பெண் நர்ஸ் வேலையை விட்டுவிட வேண்டும் என்று மாப்பிள்ளையின் அம்மா போனில் சொன்னபோது, "அதுக்கென்ன, இவருக்கும் சம்மதம்தான்" என்று சொல்லி வைத்திருந்தாள். அன்றிலிருந்து மகள் முகங்கொடுத்துப் பேசவில்லை.

பதினோராம் நாள் செருப்பைக் கழற்றிவிட்டுப் படியிறங்கி, கதவில் காதை வைத்தாள்.

"உக்காருங்க சம்பந்தி," என்றார் உள்ளே அவர். "நான் பேசி முடிக்க நேரம் ஆ... ஆகும். பொறுத்துக்கங்க. என் பொண்ணு கஷ்டப்பட்டுப் படிச்சவ. வே... வே..."

அவள் உதடு தானாகத் திறந்தது. 'வேலையை விட்டுருவா' என்பது நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. உள்ளே யாரும் முடித்துக் கொடுக்கவில்லை. மூட்டைகள் தம் பாட்டுக்கு இருந்தன. அவர் மூச்சை இழுத்து விடுவது கேட்டது.

"வேலையை அவ விடமாட்டா. விடச் சொல்லி நா... நானும் சொல்லமாட்டேன்."

அவள் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். இத்தனை வருடத்தில் அவர் சொல்ல வந்ததை எத்தனை தடவை இப்படித் தப்பாக முடித்து வைத்தோமோ என்று எண்ணிப் பார்த்தாள். அவர் தாழ்ப்பாளை எடுக்கும் சத்தம் கேட்டதும் ஓசைப்படாமல் மேலேறி வந்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையும் பெற்றோரும் வந்து உட்கார்ந்தார்கள். காப்பி குடித்து முடித்ததும் மாப்பிள்ளையின் அம்மா, "வேலை விஷயம் போன்ல பேசின மாதிரிதானே?" என்றாள்.

பேக்கரிக்காரர் நிமிர்ந்தார். "வே... வே..."

பழக்கதோஷம், மகள்கூட அம்மாவைத்தான் பார்த்தாள். மாப்பிள்ளையின் அம்மாவும் இவள் பக்கம் திரும்பினாள்.

"அவரே சொல்லட்டும்," என்றாள் இவள்.

நேரம் ஆனது. மாப்பிள்ளையின் அப்பா சட்டைப் பொத்தானையே பார்த்துக்கொண்டிருந்தார். பேக்கரிக்காரருக்குக் கழுத்து நரம்பு புடைத்தது. ஆனால் ஒரு சொல் விடாமல், எல்லாவற்றையும் சொல்லி முடித்தார்.

"இவங்க வேற மாதிரி சொன்னாங்களே?" என்றாள் மாப்பிள்ளையின் அம்மா, முகம் சுண்டிப்போய்.

"தப்பு என் மேலதான். இவர்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம நானா சொல்லிட்டேன்."

"அம்மா, வேலையை விடணும்னு நானும் சொல்லலையே," என்றான் மாப்பிள்ளை.

"வீட்டுல போய்ப் பேசிக்கலாம், எழுந்திரு."

அவர்கள் போன பிறகு மூன்று நாள் வீடு இழவு விழுந்த மாதிரி இருந்தது. மகள் மட்டும் அப்பாவோடு ஒட்டிக்கொண்டு திரிந்தாள். புதன்கிழமை காலையில் கடை போன் அடித்தது. மாப்பிள்ளையின் அம்மாதான்.

"எங்களுக்குச் சம்மதம். அவளுக்கு எந்த நேரத்துல டியூட்டி, எப்போ லீவுன்னு கொஞ்சம் கேக்கணும். உங்க வீட்டுக்காரர்கிட்ட குடுங்களேன்."

அவள் போனை நீட்டிவிட்டு, காத்திருந்தவர்களுக்கு ரொட்டி எடுத்துக் கொடுக்கப் போனாள். பேச்சு முக்கால் மணி நேரம் நடந்தது.